இறக்கையுடைப் பறப்பு

இறக்கையுடைப் பறப்பு என்பது, கைகளுக்கும் உடலுக்கும் இடையிலும் இரு கால்களுக்கு இடையிலும் துணி இறக்கைகள் தைக்கப்பட்ட உடையை அணிந்து, வானூர்தியிலிருந்து குதித்துக் காற்றில் சறுக்கிச் செல்லும் வான் விளையாட்டு ஆகும். இவ்வுடை விங்சூட் எனவும் அழைக்கப்படுகிறது. இதில் இயந்திரம் எதுவும் இல்லை. பறப்பவர் உயரத்தை இழந்துகொண்டே முன்னோக்கிய வேகத்தைப் பெறுகிறார். குறிப்பிட்ட உயரத்தை அடைந்ததும் முதுகில் உள்ள வான்குடையை விரித்துத் தரையிறங்குகிறார்.

வான்குடையுடன் குதிக்கும் விளையாட்டில் போதிய பட்டறிவு பெற்றவர்களே இதைக் கற்க அனுமதிக்கப்படுகின்றனர். தனியாகப் பறக்கக் கற்பது முதற் கட்டம். பிறருடன் அருகருகே ஓர் அணியாகப் பறப்பது அடுத்த கட்டம். இவ்விரண்டும் வெவ்வேறு திறன்களைக் கோருபவை. தனியாகப் பறப்பவர் நெடுந்தூரம் செல்வதையோ நெடுநேரம் காற்றில் நிற்பதையோ நோக்கமாகக் கொள்ளலாம். அணியில் பறப்பவரோ தம் உடையின் முழு ஆற்றலையும் பயன்படுத்தாமல், அணித்தலைவரின் வேகத்துக்கும் இறக்கத்துக்கும் தம்மை அளவாகப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

வரலாறு

மனிதன் உடையின் துணையால் பறக்க முயன்ற தொடக்க கால நிகழ்வுகள் பலவும் உயிரிழப்பில் முடிந்தன. 1912 பெப்ரவரி 4 அன்று பிரான்சு இரைக்கெல்ட் என்னும் தையற்காரர், தாமே தைத்த வான்குடை உடையை அணிந்து பாரிசு நகரின் ஈபெல் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து குதித்து இறந்தார். அவரது உடை சறுக்கிப் பறப்பதற்கானது அன்று; வீழ்ச்சியைத் தணிப்பதற்கானது. எனினும் உடையையே பறக்கும் கருவியாக மாற்றும் எண்ணத்தின் தொடக்க எடுத்துக்காட்டாக அது கருதப்படுகிறது.

1930களில் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கிளெம் சோன், கைகளுக்குக் கீழும் கால்களுக்கு இடையிலும் துணி இறக்கைகள் கொண்ட உடையுடன் வான்காட்சிகளில் பறந்து புகழ் பெற்றார். 1937 ஏப்ரல் 25 அன்று பிரான்சின் வென்சென் நகரில் நடந்த காட்சியில் அவரது வான்குடைகள் உரியவாறு விரியாததால் உயிரிழந்தார். பிரெஞ்சுப் படையின் வான்குடை வீரராக இருந்த லியோ வலந்தேன், மரத்தாலான விறைத்த இறக்கைகளைக் கொண்டு பறந்தார். 1956 மே 21 அன்று இங்கிலாந்தின் லிவர்பூலில், வானூர்தியை விட்டு வெளியேறும்போது அவரது இறக்கை வானூர்தியில் மோதிச் சேதமடைந்தது. அதன்பின் வான்குடையும் சரியாக விரியாமையால் அவர் இறந்தார்.

இன்றைய உடையின் அடிப்படையை 1990களில் பிரான்சைச் சேர்ந்த பாட்ரிக் தெ கையார்தோன் உருவாக்கினார். விறைப்பான சட்டங்களைத் தவிர்த்து, காற்று உட்புகுந்து தானே உப்பி வடிவம் பெறும் இரட்டைத் துணி இறக்கைகளை அவர் பயன்படுத்தினார். 1998 ஏப்ரல் 13 அன்று அவாயில், தமது வான்குடைப் பையில் செய்திருந்த ஒரு மாற்றத்தின் விளைவாக வான்குடை விரியாமல் அவர் இறந்தார். உயிரைப் பறித்தது இறக்கையன்று, வான்குடைத் தொகுதியில் செய்யப்பட்ட மாற்றமே என்பது இத்துறையில் அடிக்கடி நினைவுகூரப்படும் பாடமாகும்.

1999 இல் பின்லாந்தைச் சேர்ந்த யாரி குவோசுமாவும் குரோவாசியாவைச் சேர்ந்த இராபர்ட் பெச்னிக்கும் இணைந்து பேர்ட்மேன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். பொது விற்பனைக்கு உடைகளைத் தயாரித்ததுடன், பயிற்சியாளர்களை உருவாக்கும் முறையையும் அந்நிறுவனம் ஏற்படுத்தியது. தனி மனிதத் துணிவாக இருந்த ஒன்று, கற்பிக்கப்படக்கூடிய விளையாட்டாக மாறியது இதன் பின்னரே ஆகும்.

உடையின் அமைப்பும் செயற்பாடும்

உடையில் மூன்று இறக்கைகள் உள்ளன. இரண்டு கை இறக்கைகள். ஒன்று கால் இறக்கை. ஒவ்வோர் இறக்கையும் காற்றுப் புகாத நைலான் துணியின் இரு அடுக்குகளால் ஆனது. முன்புறத்தில் உள்ள திறப்புகள் வழியே காற்று உட்சென்று அடுக்குகளுக்கு இடையே அழுத்தத்தை உண்டாக்குகிறது. இதனால் தளர்ந்த துணி, வானூர்தி இறக்கையின் குறுக்குவெட்டை ஒத்த வடிவத்தைப் பெறுகிறது. அவ்வடிவத்தின் மீது பாயும் காற்று ஏற்று விசையை உருவாக்குகிறது.

உடையின்றி வயிறு கீழ்நோக்கிய நிலையில் விழுபவர் மணிக்கு ஏறத்தாழ 190 முதல் 200 கிமீ வேகத்தில் இறங்குவார். இறக்கையுடை அணிந்தவரின் செங்குத்து வேகம் பொதுவாக மணிக்கு 60 முதல் 100 கிமீ வரை குறைகிறது. கிடைத்திசை வேகம் மணிக்கு 120 முதல் 200 கிமீ வரை இருக்கலாம். ஒரு மீட்டர் உயரத்தை இழக்கும்போது எத்தனை மீட்டர் முன்னேற முடிகிறது என்பது சறுக்கு விகிதம் எனப்படும். தேர்ந்தவர்கள் 2.5 முதல் 3 வரையிலான விகிதத்தை அடைகின்றனர். 4,000 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால், உடையின்றி ஒரு நிமிட அளவில் முடியும் வீழ்ச்சி, உடையுடன் இரண்டு முதல் மூன்று நிமிடங்கள் வரை நீடிக்கிறது.

உடலே இங்கு கட்டுப்பாட்டுக் கருவி. தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றின் சிறு அசைவுகள் திசையையும் வேகத்தையும் மாற்றுகின்றன. தொடக்க நிலையினருக்கான உடைகள் சிறிய இறக்கைப் பரப்பு கொண்டவை. பெரிய உடைகள் கூடுதல் சறுக்கத்தைத் தரும். ஆயினும் அவை கைகளின் இயக்கத்தைக் கட்டுப்படுத்துவதுடன், நிலை தடுமாறினால் மீள்வதையும் கடினமாக்குகின்றன.

முன் தகுதி

இறக்கையுடை அணிவதற்கு முன் வான்குடைக் குதிப்பை முறையாகக் கற்றிருக்க வேண்டும். பல நாடுகளில் தொடக்கப் பயிற்சியில் இரு பயிற்சியாளர்கள் மாணவரின் இரு புறமும் பிடித்தபடி குதிக்கின்றனர். ஐக்கிய அமெரிக்க வான்குடைச் சங்கத்தின் முறைப்படி 25 குதிப்புகளுக்குப் பின் முதல் நிலை உரிமம் பெறலாம். இறக்கையுடையுடன் குதிப்பதற்கு உரிமத்துடன் குறைந்தது 200 குதிப்புகள் தேவை என அச்சங்கம் விதித்துள்ளது.

இந்த எண்ணிக்கைக்குக் காரணம் உண்டு. உடை அணிந்தவரின் கைகளும் கால்களும் துணியால் கட்டுண்டவை போன்று இருக்கும். வான்குடை முறுக்கிக்கொண்டால் கைகளை உடனே மேலே உயர்த்த இயலாது. உயரமானியைப் பார்த்தல், நிலையாக இருந்து வான்குடையை விரித்தல், கோளாறு நேர்ந்தால் முதன்மைக் குடையைக் கழற்றிவிட்டுக் காப்புக் குடையை விரித்தல் ஆகியவை எண்ணிப் பார்க்கத் தேவையின்றி இயல்பாக நிகழும் நிலையை அடைந்த பின்னரே, கட்டுண்ட உடலுடன் அவற்றைச் செய்ய இயலும்.

முதற் பறப்பு

முதற் பறப்பு, பட்டறிவு மிக்க பயிற்சியாளருடன், தரையில் நடைபெறும் பாடத்துக்குப் பின்னர் நிகழ்கிறது. பாடத்தின் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

- கருவிச் சோதனை: உடை, வான்குடைப் பையின் கால் பட்டைகளை மறைத்துவிடுகிறது. பட்டை பூட்டப்படாதிருப்பது வெளியே தெரியாது; உடை இறுக்கமாக இருப்பதால் அணிந்தவரும் உணர மாட்டார். இது உயிரிழப்பில் முடியக்கூடிய பிழை ஆகையால், உடையின் இழுபூட்டை மூடும் முன்னும் ஏறும் முன்னும் கால் பட்டைகளைத் தொட்டுப் பார்ப்பது கட்டாயமாகும்.
- வெளியேறுதல்: வானூர்தியின் வாயிலைக் கடந்தவுடன் இறக்கைகளை விரிக்கக் கூடாது. உடனே விரித்தால் பறப்பவர் மேலெழுந்து வானூர்தியின் வால் பகுதியில் மோத நேரிடும். ஓரிரு நொடிகள் இறக்கைகளை மூடி வைத்திருந்து பின்னரே விரிக்க வேண்டும்.
- ஒத்திகை: பறக்கத் தொடங்கியதும், வான்குடையை இழுக்கும் பிடியைக் கை சென்று தொடுகிறதா எனச் சில முறை பழகிப் பார்க்க வேண்டும்.
- விரித்தல்: கால்களைச் சேர்த்து, இரு கை இறக்கைகளையும் ஒரே நேரத்தில் மடக்கி, சிறு இழுவைக் குடையை வீச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மடங்கினால் உடல் திரும்பி, வான்குடைக் கயிறுகள் முறுக்கிக்கொள்ளும்.
- சுழற்சியிலிருந்து மீளல்: சமநிலை இழந்து தட்டையாகச் சுழலத் தொடங்கினால், இறக்கைகளை எதிர்த்துப் போராடாமல் அவற்றை மூடி உடலைப் பந்து போல் சுருட்ட வேண்டும். சுழற்சி நின்ற பின் மீண்டும் பறக்கலாம்.

முதற் பறப்புகளில் வான்குடையை ஏறத்தாழ 5,500 அடி (1,700 மீ) உயரத்திலேயே விரிக்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. இது வழக்கமான குதிப்பில் விரிக்கும் உயரத்தைவிட அதிகம்.

வழியறிதல்

வழக்கமான வான்குடைக் குதிப்பில் குதித்தவர் ஏறத்தாழ வெளியேறிய இடத்துக்குக் கீழேயே வந்து சேர்வார். இறக்கையுடையில் அவ்வாறன்று. 4,000 மீட்டரில் வெளியேறி 1,500 மீட்டரில் வான்குடையை விரிப்பவர் 2,500 மீட்டர் உயரத்தைச் சறுக்கத்துக்குப் பயன்படுத்துகிறார். சறுக்கு விகிதம் 2.5 எனில் அவர் 6 கிமீக்கும் அதிகமான தொலைவைக் கடந்துவிடுவார்.

இதன் பொருளை ஒரு கடற்கரை நகரைக் கொண்டு எளிதில் விளக்கலாம். புதுச்சேரி நகரின் நெல்லித்தோப்புப் பகுதி, வங்கக் கடலிலிருந்து ஏறத்தாழ 3 கிமீ மேற்கே அமைந்துள்ளது. அதற்கு மேலே 4,000 மீட்டரில் வெளியேறும் ஒருவர் கிழக்கு நோக்கி நேராகப் பறந்தால், வான்குடையை விரிக்கும்போது கரையிலிருந்து 3 கிமீ கடலுக்குள் இருப்பார். வடக்கு நோக்கிப் பறந்தால், இலாசுப்பேட்டை வானூர்தி நிலையத்தையே தாண்டிச் சென்றுவிடுவார். காற்றின் திசையும் வேகமும் இக்கணக்கை மேலும் மாற்றும். உடையுடன் நீரில் இறங்குபவரின் கைகால்கள் நீந்த இயலாதவாறு கட்டுண்டிருக்கும் என்பதால் கடலோரத் தளங்களில் இது உயிர் சார்ந்த கணக்காகும்.

எனவே நேர்கோட்டில் பறக்காமல், வானூர்தியின் பாதைக்குச் செங்குத்தாக விலகி, பின்னர் தரையிறங்கு தளத்தை நோக்கித் திரும்பும் வளைந்த பாதை முன்கூட்டியே வரையப்படுகிறது. வானூர்தியில் உள்ள மற்றக் குதிப்பவர்கள் முதலில் வெளியேறுவர். இறக்கையுடையினர் பொதுவாகக் கடைசியில் வெளியேறுவர்.

அணிப் பறப்பு

பலர் ஒன்றுசேர்ந்து பறப்பது, பறவைக் கூட்டத்தை ஒத்ததால் கூட்டப் பறப்பு எனவும், ஒழுங்கான வடிவில் அமைந்தால் அணிப் பறப்பு எனவும் கூறப்படும். புதுச்சேரியின் ஊசுட்டேரிக்கு வலசை வரும் நீர்ப்பறவைகளிடம் காணப்படும் அணிவகுப்பைப் போலவே இதிலும் ஒவ்வொருவருக்கும் ஓரிடம் உண்டு. ஆயினும் நோக்கம் வேறு. பெரிய பறவைகள் சில, முன்னே செல்லும் பறவையின் இறக்கை எழுப்பும் மேற்காற்றைப் பயன்படுத்தி ஆற்றலைச் சேமிக்கின்றன. இறக்கையுடை அணியில் ஆற்றல் சேமிப்பு குறிக்கோள் அன்று. குறித்த இடத்தில் அசையாது நிலைத்திருப்பதே குறிக்கோள்.

படிநிலைகள்

தனியாகப் பறந்து திசை, உயரம், விரித்தல் ஆகியவற்றில் உறுதி பெற்ற மாணவர், முதலில் பயிற்சியாளர் ஒருவருடன் மட்டும் இணைந்து பறக்கிறார். பயிற்சியாளரே தம் வேகத்தை மாணவருக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார். அடுத்து, மாணவர் பயிற்சியாளரின் அருகே சென்று நிற்கப் பழகுவார். அதன்பின் மூவர், நால்வர் என அணி வளர்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நிழற்படக் கருவியில் பதிவான காட்சியைத் தரையில் பார்த்து ஆராய்வது பயிற்சியின் இன்றியமையாத பகுதி.

அணியின் முன்னே செல்பவர் தலைவர் ஆவார். அவர் திசையையும் வேகத்தையும் தீர்மானிக்கிறார். அவற்றை மாற்றாமல் வைத்திருப்பதே அவரது முதன்மைக் கடமை. தலைவர் தம் முழு வேகத்தில் பறந்தால் பின்வருவோர் எவரும் அணியில் சேர இயலாது. ஆகவே அணியில் மிகக் குறைந்த திறனுடையவர் தொடரக்கூடிய வேகமே அணியின் வேகமாகும்.

அணுகும் முறை

அணியில் சேர்பவர் முதலில் தம் உயரத்தைத் தலைவரின் மட்டத்துக்குச் சமன்செய்ய வேண்டும். அதன்பின் வேகத்தைச் சமன்செய்ய வேண்டும். இறுதியாகவே இடைவெளியைக் குறைக்க வேண்டும். இவ்வரிசை மாறக் கூடாது. இருவர் ஒரே திசையில் மணிக்கு 150 கிமீ வேகத்தில் பறந்தாலும், அவர்களுக்கு இடையிலான வேக வேறுபாடு சிறிதாயின் தொடுகை மென்மையாகவே இருக்கும். அவ்வேறுபாடு பெரிதாயின் அது மோதலாகும். அணிப் பறப்பின் இடர் வேகத்தில் இல்லை. வேக வேறுபாட்டில் உள்ளது.

ஒருவர் மற்றவரின் மேற்புறத்தைக் கடப்பது தடை செய்யப்பட்டுள்ளது. பறப்பவரின் முதுகுக்கு மேலும் பின்னும் குலைந்த காற்றுப் பகுதி ஒன்று உருவாகிறது. அதற்குள் நுழைபவர் தம் ஏற்று விசையைத் திடீரென இழந்து கீழே இருப்பவர் மீது விழுவார். எனவே பக்கவாட்டிலிருந்து, தமக்குரிய பக்கத்தில் மட்டுமே அணுக வேண்டும். தம் இடத்தைத் தவறவிட்டவர் குறுக்கே வெட்டித் திரும்ப முயலாமல், வெளிப்புறமாக விலகிப் பறக்க வேண்டும். விலகுவது தோல்வியாகக் கருதப்படுவதில்லை; தேர்ந்தவரின் அடையாளமாகவே கருதப்படுகிறது.

கலைதல்

அணியை அமைப்பதைவிட அதைக் கலைப்பதில் கூடுதல் கவனம் தேவை. முன்னரே முடிவு செய்த உயரத்தில் வெளிப்புறத்தில் உள்ளோர் முதலிலும் நடுவில் உள்ளோர் பின்னரும் விசிறி போல் பிரிந்து செல்வர். போதிய இடைவெளி கிடைத்த பின், மேலும் கீழும் பார்த்து, சைகை காட்டி, வான்குடையை விரிப்பர். அணி முழுமை பெறவில்லை என்பதற்காகக் கலையும் உயரத்தைத் தாழ்த்துவது கூடாது என்பது உறுதியான விதி. விரிந்த வான்குடைகள் அனைத்தும் ஒரே தளத்தை நோக்கி வருவதால், தரையிறங்கும் வரிசையும் திசையும் குதிக்கும் முன்னரே ஒப்புக்கொள்ளப்படுகின்றன.

பெரிய அணிகளும் போட்டிகளும்

2009 நவம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் எல்சினோர் ஏரிப் பகுதியில் 68 பேர் கொண்ட அணி அமைக்கப்பட்டது. 2012 செப்டம்பரில் அதே மாநிலத்தின் பெரிசு பள்ளத்தாக்கில் 100 பேர் வைர வடிவ அணியில் பறந்தனர். மேலிருந்து எடுக்கப்பட்ட நிழற்படத்தின் மீது கட்டங்களை வரைந்து, ஒவ்வொருவரும் தத்தம் கட்டத்துக்குள் உள்ளனரா எனப் பார்ப்பது இத்தகைய சாதனைகளைத் தீர்மானிக்கும் முறையாக இருந்தது. பின்னர் பன்னாட்டு வான் விளையாட்டுக் கூட்டமைப்பு 2015 இல் அணிச் சாதனைகளுக்குத் தனி விதிகளை ஏற்றது. அவ்விதிகளின்படி அதே ஆண்டு அக்டோபரில் பெரிசில் 61 பேர் கொண்ட அணி அமைந்தது.

அக்கூட்டமைப்பின் முதல் உலகக் கோப்பை 2015 இல் இங்கிலாந்தின் நெதராவனிலும், முதல் உலக வாகையர் போட்டி 2016 இல் புளோரிடாவின் செபிர்இல்சு நகரிலும் நடைபெற்றன. குறித்த 1,000 மீட்டர் உயர இடைவெளிக்குள் நேரம், தொலைவு, வேகம் ஆகியவற்றை அளக்கும் பிரிவும், இருவர் இணைந்து நிகழ்த்துவதை மூன்றாமவர் படம்பிடிக்கும் கலைநயப் பிரிவும் இவற்றில் உள்ளன.

பாதுகாப்பு

வான்குடைக் குதிப்பவர்கள் அணியும் தன்னியக்கத் திறப்புக் கருவி, குறைந்த உயரத்தில் ஒருவர் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் காப்புக் குடையைத் தானே விரிக்கும். பரவலாகப் பயன்படும் ஒரு வகைக் கருவி நொடிக்கு 35 மீட்டர், அதாவது மணிக்கு 126 கிமீ இறங்கு வேகத்தைக் கடந்தால் மட்டுமே இயங்கும். இறக்கையுடையில் இறங்கு வேகம் இதைவிடக் குறைவு. ஆகவே நினைவிழந்தோ உயரத்தை மறந்தோ ஒருவர் சீராகப் பறந்துகொண்டே தரையை நெருங்கினால் அக்கருவி இயங்காமல் போகலாம். குறைந்த வேக எல்லை கொண்ட தனி வகைக் கருவிகள் பின்னர் வந்துள்ளபோதிலும், உயரமானியைப் பார்க்கும் பழக்கத்துக்கு அவை மாற்றாக மாட்டா.

மற்றோர் இடர் வானூர்தியே ஆகும். குதிப்பவர்களை இறக்கிவிட்ட வானூர்தி விரைவாகக் கீழிறங்கும். இறக்கையுடையினரும் ஏறத்தாழ அதே வான்பகுதியில் முன்னோக்கிச் செல்வர். 2018 ஜூலையில் பிரான்சின் தென்மேற்கில், குதித்துச் சில நொடிகளே ஆன இறக்கையுடை வீரர் ஒருவர், இறங்கிக்கொண்டிருந்த அதே வானூர்தியின் இறக்கையில் அடிபட்டு இறந்தார். பறக்கும் பாதையை வானோடியிடம் முன்கூட்டியே தெரிவிப்பதும், வானோடி தாம் இறங்கும் திசையை அவர்களிடம் தெரிவிப்பதும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

மலை முகடுகளிலிருந்து குதித்துப் பாறைகளுக்கு அருகே பறப்பது இவ்விளையாட்டின் வேறொரு பிரிவாகும். அதில் காப்புக் குடைக்கோ பிழை திருத்தத்துக்கோ போதிய உயரம் இருப்பதில்லை. உயிரிழப்பு வீதம் அதில் மிகுதி. வானூர்தியிலிருந்து குதித்து அணிப் பறப்புக் கற்பவருக்கு அப்பிரிவு அடுத்த படி அன்று.

இந்தியாவில்

இந்தியாவில் வான்குடைக் குதிப்பு நெடுங்காலம் படைத்துறை சார்ந்ததாகவே இருந்தது. ஆக்ராவில் உள்ள வான்குடை வீரர் பயிற்சிப் பள்ளியைத் தளமாகக் கொண்ட இந்திய வான்படையின் ஆகாசு கங்கை அணி 1987 இல் உருவாக்கப்பட்டது. படைத்துறை சாராதவர்களுள், 1979 இல் முதன்முதலாகக் குதித்த இரேச்சல் தாமசு 2002 இல் வட துருவத்தில் குதித்தார். 2005 இல் பத்மசிறீ விருது பெற்றார். புனே நகரைச் சேர்ந்த சீதல் மகாசன் 2004 இல் வட துருவத்திலும் 2006 இல் தென் துருவத்திலும் குதித்து, 2011 இல் அதே விருதைப் பெற்றார். 2019 ஜூலையில் சோத்பூரில் இந்திய வான்படை அலுவலர் ஒருவர் எம்ஐ-17 உலங்கு வானூர்தியிலிருந்து 8,500 அடி உயரத்தில் இறக்கையுடையுடன் குதித்தார். வான்படையின் வானோடி ஒருவர் இவ்வாறு குதித்தது அதுவே முதன்முறை என அறிவிக்கப்பட்டது.

பொதுமக்களுக்கான குதிப்புத் தளங்கள் இந்தியாவில் மிகச் சிலவே. மைசூரிலும் அரியானாவின் நார்னோல் அருகிலும் பயிற்றுநருடன் இணைந்து குதிக்கும் வாய்ப்புகள் ஏற்படுத்தப்பட்டன. ஆயினும் ஒருவர் 200 குதிப்புகளை நிறைவு செய்வதற்கு, நாள்தோறும் பலமுறை வானூர்தி பறக்கும் நிலையான தளம் தேவை. இதனால் இந்தியர் பலர் ஐக்கிய அமெரிக்கா, எசுப்பானியா, துபாய், தாய்லாந்து போன்ற இடங்களில் பயிற்சி பெறுகின்றனர்.

புதுச்சேரி நகரில் உள்ள ஒருவருக்கும் இதுவே நிலை. இலாசுப்பேட்டை வானூர்தி நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளமுடையது. சிறு வானூர்திகளுக்கு அது போதுமானது. எனினும் நகரின் நெருக்கமான குடியிருப்பும், கிழக்கே கடலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையின் முகில்களும் இறக்கையுடைப் பறப்பைக் கடினமாக்குவன. தமிழர் மிகுதியாக வாழும் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் 2011 இல் திறக்கப்பட்ட செங்குத்துக் காற்றுக் குகை, உடல் நிலையைக் கட்டுப்படுத்தும் அடிப்படைகளைத் தரையிலேயே பழக உதவுகிறது. இறக்கையுடைக்கென்றே அமைந்த சாய்வான காற்றுக் குகை 2017 இல் சுவீடனின் இசுட்டாக்கோம் நகரில் திறக்கப்பட்டது. காற்றுக் குகையில் பெறும் பயிற்சி உடற்கட்டுப்பாட்டை விரைவாகத் தரும். உயரத்தைக் கணிக்கவும், உரிய நேரத்தில் அணியை விட்டு விலகவும் வானில் பெறும் பட்டறிவே கற்றுத்தருகிறது.